சாலமன் விழுங்கிய பெயர்கள்

முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் தேவநேசன் நகர். அதன் மூன்றாவது குறுக்குத் தெருவில் வாடகை வீட்டில் இருக்கிறார் சாலமன். வயது நாற்பத்தெட்டு, தொழில் நிருபர். எந்தப் பேப்பர் என்று கேட்பவர்களிடம் ‘தெருமுனை’ என்பார். கேட்டவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் ஓடி மறையும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட் இடுக்கு வழியாக வந்து விழும் இலவச வாரப் பத்திரிகை அது. முன்பக்கம் மனை விற்பனை, பின்பக்கம் டியூஷன் சென்டர், நடுவில் மிச்சம் இருக்கும் இடத்தில் சாலமன்.

அந்த மிச்ச இடத்தை வைத்துக்கொண்டு அவர் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் காணாமல் போன பூங்கா, ஒரே வருடத்தில் மூன்று முறை போடப்பட்டதாகக் கணக்கில் இருந்து ஒருமுறைகூடப் போடப்படாத சாலை, இப்படி ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து எழுதினார். எழுதியதில் பாதிக்கு ஒன்றும் நடக்கவில்லை. மீதிப் பாதிக்கு யாராவது வந்து மிரட்டினார்கள். எப்போதாவது ஒருமுறை, ஒரு தெருவிளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு டீ குடிப்பார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த விருது.

இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் இரண்டு விரதங்களை வைத்திருந்தார். ஒன்று, தனக்குத் தகவல் சொன்னவர் பெயரை யாரிடமும் சொல்வதில்லை. ஒருமுறை காவல் நிலையத்தில் காலையிலிருந்து சாயந்திரம் வரை பெஞ்சில் உட்காரவைத்து, “யாருய்யா உனக்குச் சொன்னது?” என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நாலு டீ குடித்தார், ஒரு பெயரும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். மனைவி பிளஸ்ஸியிடம்கூடச் சொல்வதில்லை. இரண்டாவது, சின்ன ஊழியர்களை அச்சில் ஏற்றுவதில்லை. தப்பான தாளில் கையெழுத்துப் போட்டவனாகவே இருந்தாலும், அந்தக் கையெழுத்தின் மேல் ஒரு கறுப்புப் பட்டை அடித்துத்தான் படத்தைப் போடுவார். “போட்டவனை விடு, போடச் சொன்னவனைப் பிடி” என்பது அவர் கட்சி.

டிசம்பர் வெள்ளம் வடிந்த கையோடு தேவநேசன் நகரில் மஞ்சள் காமாலை வந்தது. ஒரு தெருவில் ஒருவர், அடுத்த தெருவில் மூவர் என்று ஆரம்பித்து, சாலமன் போகும் தேவாலயச் சபையில் பாதிப் பேர் கீழாநெல்லியும் மோருமாக அலைந்தார்கள். பொங்கலுக்கு முன்னால் பிளஸ்ஸி படுத்தாள். நர்சரிப் பள்ளி டீச்சர் அவள். முப்பது பிஞ்சுகளை ஒற்றைக் குரலில் அடக்குகிறவள், டம்ளரைத் தூக்க முடியாமல் கிடந்தாள். இரண்டு வாரத்தில் சரியாகி, மறுபடி விழுந்து, மொத்தத்தில் இரண்டரை மாதம். சாலமன் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். கஞ்சி அடிபிடிப்பதை மட்டும் கடைசிவரை நிறுத்த முடியவில்லை. அதையும் அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டார். எங்கள் நகரின் குடிநீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? பதில் வர ஐம்பது நாள் ஆயிற்று. வந்த தாளைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சோதனையை ஒரு தனியார் ஆய்வகம் ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. வெள்ளம் வந்த இரண்டாம் நாள் காலையில் தேவநேசன் நகரின் பதினான்கு தெருக்குழாய்களில் தண்ணீர் மாதிரி எடுத்தார்களாம். எல்லாம் சுத்தம், குளோரின் சரியான அளவு. அன்றைக்கு அந்த நகரில் தெருவே கிடையாது. மாடியில் நின்றபடி படகுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் சாலமன். பட்டியலில் ஒன்பதாவதாக இருந்தது அவர் வீட்டு வாசல் குழாய், நேரம் பத்து நாற்பது. அந்தக் குழாய் அப்போது நாலடித் தண்ணீருக்குக் கீழே இருந்தது. மாதிரி எடுத்தவர் முத்துக்குளிக்கிறவராகத்தான் இருக்க வேண்டும்.

தாளில், பதினான்கு வரிகளுக்கும் எதிரே, ஒரே கையெழுத்து பதினான்கு முறை இருந்தது. ஃபிரெடியின் கையெழுத்து. சாலமனுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. ஃபிரெடி அந்த ஆய்வகத்தில் பெயருக்கு அலுவலக மேலாளர், சாலமன் போகும் சபையின் பாடகர் குழுவில் டெனர் குரல் பாடுபவன். கிறிஸ்துமஸ் பாட்டுத் தாள்களில் ‘ஃபிரெடி’ என்று கொக்கி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பவன். நல்ல குரல், நல்ல பையன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

‘தெருமுனை’யின் ஆசிரியரும் முதலாளியும் ஒருவரே, சத்தியநாதன். நல்ல மனிதர், ஆனால் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே வக்கீல் நோட்டீஸ் என்று நினைக்கும் சுபாவம். “சாலமன், நீங்க மாடியில இருந்து பார்த்தேன்னு சொன்னா, தேதி தப்பா டைப் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுவான். மேல மானநஷ்ட வழக்கு வேற போடுவான். வேற ஏதாவது கொண்டாங்க.”

அந்த வேறு ஏதோ ஒன்றுதான் தட்சிணாமூர்த்தி. ஆய்வகத்தின் மூன்று டிரைவர்களில் ஒருவர், மாதிரி எடுக்கும் வண்டி அவர் பொறுப்பு. சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலைக்குப் போகிறவர் என்று தெரிந்து, சாலமன் மலையடிவாரத்தில் செருப்புக் கடைக்குப் பக்கத்தில் காத்திருந்தார். நாலாவது சனிக்கிழமைதான் அவர் வாயைத் திறந்தார். பையிலிருந்து, வண்டி போய்வந்த கணக்கை எழுதும் லாக் புத்தகத்தை எடுத்தார்.

“போட்டா புச்சுக்கோ சார். அந்த வாரம் பூரா வண்டி ஷெட்லயே தான் கீது. நான் எங்க வூட்ல பூந்த தண்ணிய மொண்டு மொண்டு வெளிய ஊத்திகினு இருந்தேன். இவனுங்க ஆபீஸ்ல ஒக்காந்துகினே பதினாலு பாட்டில் ரொப்பிட்டானுங்க.”

“உங்க பேரு வெளிய வராதுண்ணா. அது என் பொறுப்பு.”

“வரக் கூடாது சார். அம்பத்தாறு வயசாவுது. இனிமே எவன் என்னை டிரைவரா வெச்சிக்குவான்? பொண்ணு தீபலட்சுமி நர்சிங் கடைசி வருசம் படிக்குது. அதுவரைக்கும் இந்த வண்டிதான்.”

சாலமன் தலையாட்டினார். இருபத்திரண்டு வருடம் ஆட்டிய அதே தலையாட்டல்.

அன்று மாலை வீட்டில் பிளஸ்ஸி இரண்டரை மாதம் கழித்து முதல்முறையாகச் சமையலறையில் நின்று ரசம் வைத்திருந்தாள். கண்ணின் வெள்ளையில் இன்னும் லேசாக மஞ்சள் இருந்தது. சாலமன் இரண்டு கரண்டி சோறு அதிகமாகச் சாப்பிட்டார். மனம் இளகியிருந்த நேரம்.

“யாரோ ஒருத்தர் உதவி பண்றாங்கன்னு மட்டும் சொல்றீங்க. எனக்காகத்தானே பண்றாங்க? அவங்க பேரு கூட எனக்குத் தெரியக் கூடாதா?”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற?”

“ஜெபம் பண்ணுவேன். யாரோ ஒருத்தருக்காக எப்படிங்க ஜெபம் பண்றது? பேரைச் சொல்லித்தானே கேக்கணும்.”

அவர் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று பின்னாளில் பலமுறை யோசித்தார். ரசத்தின் மேல் பழியைப் போட முடியாது. அவள் பிழைத்து எழுந்து எதிரே உட்கார்ந்திருந்தாள், அவள் கேட்டு ஒன்றை இல்லை என்று சொல்ல அன்றைக்கு அவரால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அடுத்த வியாழக்கிழமை, முறைப்படி, ஆய்வகத்துக்குக் கேள்விகள் அனுப்பினார். மறுதரப்பைக் கேட்காமல் எழுதக் கூடாது என்பதும் தொழில் தர்மம். தாளில் இருந்த தேதியில் மாதிரி எடுக்கும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்ததா என்பது மூன்றாவது கேள்வி. அதைப் படித்ததும் ஆய்வக முதலாளிக்குப் புரிந்துபோயிற்று. மூன்று டிரைவர்களில் யாரோ ஒருவன்.

ஞாயிற்றுக்கிழமை பிளஸ்ஸி ஆலயத்துக்குக் கிளம்பினாள். சுகம் கிடைத்ததற்கு ஸ்தோத்திரக் காணிக்கை, நல்ல நீலப் புடவை. வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் ஜெப விண்ணப்பச் சீட்டு போடுவது அந்தச் சபையின் வழக்கம். பழைய ஆயர் பதினோரு வருடமும் அந்தப் பெட்டியின் மேல் கைவைத்து, “ஆண்டவரே, இதில் உள்ளதை நீர் அறிவீர்” என்று ஒரே வரியில் ஜெபித்து முடித்துவிடுவார். அதனால் சபையார் அதில் மனதைக் கொட்டி எழுதுவார்கள். மாமியார் கொடுமை, மகனின் குடி, எல்லாம் அதற்குள் போகும், அதற்குள்ளேயே இருக்கும். பிளஸ்ஸி படுக்கையில் கிடந்தபோது பழைய ஆயர் ஓய்வு பெற்றுப் போய், புது ஆயர் வந்திருந்தார். சுறுசுறுப்பானவர். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டையும் மைக்கில் உரக்கப் படித்து, சபையாரோடு சேர்ந்து ஜெபிப்பது அவர் கொண்டுவந்த புது முறை. அதற்குள் சபையார் உஷாராகி, பரீட்சை, பிரயாணம் என்று மட்டும் எழுதப் பழகிவிட்டார்கள். இது பிளஸ்ஸிக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சியோடு வீட்டில் இருந்த சாலமனுக்கும் தெரியாது.

“ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்கள்” என்று ஆயர் கணீரென்று ஆரம்பித்தார். “தேவநேசன் நகர் தண்ணீர் விஷயத்தில் உண்மையைச் சொல்ல என் கணவருக்கு உதவி செய்யும் டிரைவர் தட்சிணாமூர்த்தி அவர்களின் வேலைக்கு ஒரு பாதிப்பும் வராதபடி ஜெபிக்கவும்.”

முந்நூறு பேர் கண்ணை மூடினார்கள். சாலமன் மூடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பாடகர் குழுவின் இரண்டாவது வரிசையை. அங்கே ஃபிரெடியும் கண்ணை மூடவில்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி, விரித்த பக்கத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

வீட்டுக்கு வரும்வரை பிளஸ்ஸி ஸ்கூட்டியின் பின்னால் அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். வந்ததும் நீலப் புடவையை மாற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“பெட்டிக்குள்ளதானேங்க போட்டேன்.”

“உன் மேல தப்பில்ல, பிளஸ்ஸி. பேரை உன்கிட்ட சொன்னவன் நான்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்போ இனிமே என்கிட்ட எதையுமே சொல்ல மாட்டீங்களா?”

“சொல்வேன்” என்றார் சாலமன். அது நிஜமா என்று அவருக்கே தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் பீர்க்கன்காரணையில் இருக்கும் தட்சிணாமூர்த்தி வீட்டுக்கு விட்டார் ஸ்கூட்டியை. கெட்ட செய்தியைத் தன் வாயால் சொல்வதுதான் மரியாதை. தட்சிணாமூர்த்தி பனியனோடு வாசலுக்கு வந்தார். சாலமன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் குறைக்காமல், ஃபிரெடி காதில் விழுந்ததையும் சேர்த்து. சொல்லி முடித்துத் திட்டுக்குக் காத்திருந்தார்.

“எவ்ளோ பேரு இருந்தாங்க சார் அங்க?”

“முந்நூறு பேர் இருப்பாங்கண்ணா.”

“அத்தினி பேரும் எனக்கோசரம் வேண்டிக்கினாங்களா? என் பேரைச் சொல்லி?”

“ஆமாண்ணா.”

தட்சிணாமூர்த்தி படியில் உட்கார்ந்தார். “எங்கம்மா போனதுக்கப்புறம் என் பேரைச் சொல்லி எவனும் சாமியாண்ட கேட்டதில்ல சார்” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வேலை போனா போவுது வுடு” என்றவர், உடனே தலையை ஆட்டினார். “இல்ல சார். போவக் கூடாது. பொண்ணுக்கு இன்னும் ஒரு வருசம் கீது.”

“தெரியும்ணா.”

“அந்தம்மாவைத் திட்டிக் கிட்டித் தொலைச்சிடாத சார். காமாலைக்காரங்க. மனசு ஒடையக் கூடாது.”

வேலைக்கு ஆபத்து வந்து நிற்கிற மனிதர் இன்னொருத்தி மனசைப் பற்றிக் கவலைப்பட்டார். சாலமன் அன்றைக்கு ஸ்கூட்டியை மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு வந்தார், கண் மங்கலாக இருந்ததால்.

லாக் புத்தகப் படத்தை இனி அச்சில் போட முடியாது. அதில் இருப்பது தட்சிணாமூர்த்தியின் கையெழுத்து, பெயர் வெளியான பிறகு பட்டை அடித்துப் போட்டாலும் அவர் கதை முடிந்தது. சாலமன் செய்தியையே கைவிட்டுவிடலாமா என்று யோசித்தபோது வழி சொன்னவள் பிளஸ்ஸி.

“பதினாலு குழாய்க்கும் எதிர்ல பதினாலு வீடு இருக்கே. அன்னிக்கு யாரும் வந்து தண்ணி புடிக்கலன்னு அவங்களே எழுதிக் குடுத்தா?”

“எழுதித் தர மாட்டாங்கம்மா. எல்லாருக்கும் பயம்.”

“நீங்க கேட்டா தர மாட்டாங்க. அவங்க புள்ளைங்களுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தது நான். நான் கேக்கறேன்.”

மூன்று நாள் சாயந்திரம் இருவரும் நடந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிளஸ்ஸிக்கு முதலில் நாற்காலி வந்தது, பிறகு இளநீர் வந்தது, கையெழுத்து மட்டும் வரத் தயங்கியது. நமக்கெதுக்கு மிஸ் வம்பு என்றார்கள் சிலர். வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார் என்றார் ஒரு அம்மா. உள்ளே வீட்டுக்காரர் தும்மினார். பிளஸ்ஸி யாரிடமும் வாதாடவில்லை. களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்து, “நானும் இந்தத் தண்ணியைத்தான் குடிச்சேங்க” என்று மட்டும் சொன்னாள். பதினான்கில் ஒன்பது வீடுகள் எழுதிக் கொடுத்தன. மூன்றாம் நாள் திரும்பும்போது அவளால் நடக்க முடியவில்லை. தெருமுனையில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் சாலமன் அவள் தோளைச் சுற்றிக் கைபோட்டு அழைத்து வந்தார்.

இதற்கிடையில் தட்சிணாமூர்த்திக்கு இன்னும் வேலை போகவில்லை என்பது அவருக்கு ஆறுதல் தரவில்லை. ஃபிரெடி சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்தார். நினைக்க நினைக்கக் கசப்பு ஏறியது. பதினான்கு முறை கூசாமல் கொக்கி போட்ட கை, அது எதைத்தான் செய்யாது?

வெள்ளிக்கிழமை சத்தியநாதனின் அறையில் பக்கம் தயாரானது. ஒன்பது கடிதங்களைப் பார்த்ததும் அவருக்கே வீரம் வந்துவிட்டது. “தகவல் உரிமையில வந்த தாளையும் அப்படியே போட்டுடலாம் சாலமன். அரசாங்கம் குடுத்த தாள், யாரும் கேள்வி கேக்க முடியாது” என்றார். கம்ப்யூட்டரில் தாளின் படத்தைப் பெரிதாக்கினார். “ஓரத்துல கையெழுத்து இருக்கே. வழக்கம்போலக் கறுப்புப் பட்டை அடிச்சிடட்டுமா?”

சாலமன் திரையைப் பார்த்தார். பாட்டுப் புத்தகத்தோடு நின்ற முகம் ஞாபகம் வந்தது.

“வேணாம் சார். இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வீடு வீடாக விழுந்தது. இந்தத் தடவை அதை எடுத்துப் படித்தார்கள். ஆலயத்தில் கை குலுக்கினார்கள். ஒருவர்கூட அந்த டிரைவர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. யார் வீட்டில் புது ஃபிரிட்ஜ் வாங்கினாலும் வண்டியிலிருந்து இறக்குவதற்குள் பெருங்களத்தூர் வரை செய்தி போகிற சபை அது. அந்த ஒரு பெயரை மட்டும் முந்நூறு பேரும் எங்கேயோ தொலைத்துவிட்டவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள். சாலமனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பாடகர் குழுவின் இரண்டாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்ததையும் கவனித்தார். வர முகம் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை தட்சிணாமூர்த்தி போன் செய்தார்.

“சார், இன்னிக்கு ஆபீஸ்ல ஒரே பேஜாரா பூட்ச்சு. மொதலாளி எங்க மூணு டிரைவரையும் வரிசையா நிக்க வெச்சாரு. பேப்பரைத் தூக்கி டேபிள்ல அடிச்சாரு. வண்டி வெளிய போவலன்னு எவன்டா சொன்னான்னு கத்தறாரு. அப்பால ஃபிரெடி சாரைக் கூப்ட்டு, வண்டிக் கணக்கெல்லாம் உன் கைலதானே கீது, உனக்குத் தெரியும், சொல்லுன்னாரு.”

சாலமன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

“ஃபிரெடி சார் என்னை நேராப் பாத்தாரு சார். அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? லாக் புக்கு எல்லாம் என் பீரோலதான் இருக்கும், நான் பூட்டறதில்ல, எவன் வேணாலும் பாத்திருக்கலாம், தப்பு என்னுதுதான்னு சொல்ட்டாரு. அவரோட கையெழுத்து வேற பேப்பர்ல வந்துகீதா, மொதலாளி எல்லாத்தையும் அவரு தலையில கட்டிட்டாரு. வேலையை வுட்டு அனுப்பிச்சிட்டாங்க சார். அவரு பையை எடுத்துகினு போவறப்போ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. பாத்தா மாட்டிக்குவேன்னு பாக்காம போறாரு சார்.”

சாலமன் போனை வைத்தார். பிளஸ்ஸி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். கறுப்புப் பட்டை வேண்டாம் என்று தான் சொன்னதையும் சொன்னார். அதைச் சொல்லத்தான் அதிகம் கஷ்டப்பட்டார். அவள் அவரைத் திட்டவில்லை. “நாளைக்குப் போவோம்” என்றாள்.

கோவிலம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது ஃபிரெடியின் வீடு. கதவைத் திறந்த அவன் மனைவி கெசியா, யார் என்று தெரிந்ததும் ஒரு கணம் கதவைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு பிளஸ்ஸியின் மஞ்சள் மாறாத கண்களைப் பார்த்தாள். “உக்காருங்கக்கா” என்று வழிவிட்டாள். கூடத்தில் அவர்கள் மகள் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சாயந்திரமே அப்பா வீட்டில் இருப்பது அவளுக்கு சந்தோஷமாக இருந்தது போல, ஒரு காலை அவன் மடியில் போட்டிருந்தாள்.

“மன்னிச்சிடு தம்பி” என்றார் சாலமன். உட்காருவதற்கு முன்பே சொன்னார்.

ஃபிரெடி அவசரமாக எழுந்தான். “நீங்க எழுதினது சரிதாண்ணா. தண்ணி பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கல. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். மழை வெளிய ஊத்துது, இதுல யாரு போய்த் தண்ணி புடிப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே ஒரே நிமிஷத்துல பதினாலு கையெழுத்து. இவ்ளோ பேர் படுப்பாங்கன்னு நினைக்கல.” பிளஸ்ஸியை ஒருமுறை பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். “அன்னிக்குச் சபையில அந்தச் சீட்டைப் படிச்சாங்களே, அதுல இருந்த பேரைக் காப்பாத்தறதுக்கு அந்த ஆபீஸ்ல என்னைத் தவிர வேற ஆளு இல்லன்னு எனக்கு அங்கேயே தெரிஞ்சுபோச்சு.”

சாலமனுக்கு அப்போதுதான் புரிந்தது. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி கண்ணை மூடாமல் நின்றவன், வேட்டைக்குக் காத்திருந்தவன் இல்லை. தனக்கு வரப்போவதை எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றவன். ஒரு சின்ன ஊழியரை இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் காப்பாற்றத் துடித்தவர், இன்னொரு சின்ன ஊழியரை ஒரே வார்த்தையில் தெருவில் நிறுத்திவிட்டார். அவமானத்தில் அவருக்கு முகம் சுட்டது.

“தட்சிணாமூர்த்தி வேலையில இருக்காரா?” என்று கேட்டான் ஃபிரெடி.

“இருக்காருப்பா.”

“சரி.” அவன் முகம் லேசாகத் தெளிந்தது. மகளின் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தான். சீவிக்கொண்டே, நிமிராமல், கோபமே இல்லாத குரலில் சொன்னான்.

“கையெழுத்தை மட்டும் மறைச்சிருக்கலாம், அண்ணா.”

“மறைச்சிருக்கணும், தம்பி” என்றார் சாலமன்.